ஆறாம் அத்தியாயம்: காய்ந்த தொட்டி, ஈரமான ஒரு மூலை

ஹைக்ரோமீட்டரை வாங்கித் தொட்டிக்குள் ஒட்டிய மறுநாளே பலருக்கு நிம்மதி போய்விடுகிறது. லெப்பர்டு கெக்கோவுக்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும் என்று படித்திருப்பார்கள். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி ஃபிளாட்டிலோ ஜூலையில் அந்தக் கருவி 60-ஐத் தாண்டி நிற்கும். மார்ச் மாத மாலையில் 30-க்கும் கீழே இறங்கும். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலம், கோடையில் ஸ்பிரே பாட்டில் என்று ஆண்டு முழுக்க அந்த எண்ணோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். தொட்டி முழுவதற்கும் ஒரே ஈரப்பதம் வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தொட்டி காய்ந்தே இருக்கட்டும். அதற்குள் ஒரு மூலை மட்டும் எந்நேரமும் ஈரமாக இருக்கட்டும். எப்போது எங்கே போய்ப் படுப்பது என்பதை கெக்கோ தானே முடிவு செய்துகொள்ளும்.

இந்தப் பல்லியை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் எட்வர்ட் பிளைத். கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த அவர், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்த பல்லியைக் கொண்டு 1854-இல் அதைப் பதிவு செய்தார். அந்த மலைத்தொடர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் ஆகிய பகுதிகளில் உள்ள, கல்லும் முட்புதருமான வறண்ட நிலம்தான் இதன் பூர்வீகம். இதைப் படித்தவுடன் ‘பாலைவனப் பல்லி’ என்று முடிவுகட்டி, மணலைக் கொட்டி, விளக்கைப் போட்டு வாட்டுகிறவர்கள் உண்டு. பகல் முழுக்க அந்தப் பல்லி எங்கே இருக்கிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. வெயில் ஏறுமுன் அது பாறை இடுக்கிலோ மண் வளையிலோ புகுந்துவிடும். மண்ணுக்கடியில் இருக்கும் ஈரம் அங்கே வெளியேற வழியில்லாமல் தங்கும். மேலே காற்று காய்ந்து கிடக்கும்போதும் வளைக்குள் ஈரம் இருக்கும். அந்தி சாய்ந்த பிறகே அது வெளியே வந்து காய்ந்த காற்றில் இரை தேடும். வறட்சி, ஈரம் இரண்டும் அதன் ஒரே நாளுக்குள் உண்டு. நாம் தொட்டிக்குள் அமைக்க வேண்டியது அந்த நாளைத்தான்.

இதன் உறவினங்கள் நம் நாட்டிலேயே வேறு சில இருக்கின்றன. சாத்புரா மலைகளிலிருந்து ஒரு லெப்பர்டு கெக்கோ இனம் 2014-இல் விவரிக்கப்பட்டது. ஆந்திரம், ஒடிசா பகுதியிலிருந்து இன்னொன்று 2022-இல். ஆகவே ‘இது வெளிநாட்டு உயிர், சட்டச் சிக்கல் எதுவும் இல்லை’ என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, அதன் அட்டவணைகள் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. வாங்கும் முன் கர்நாடக வனத்துறையிடம் இந்த இனத்தைப் பற்றி எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். காட்டில் பிடித்ததாகச் சந்தேகம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். காட்டுப் பல்லிக்கு உரிய இடம் காடுதான்.

உங்கள் ஃபிளாட்டின் காற்று

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது 1978-இல். இன்று நீலாத்ரி சாலையைச் சுற்றியும் அதற்கப்பாலும் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்புகளில் ஒரு பொது அம்சம் இருக்கிறது: பகலில் ஆள் இல்லை. ஜன்னல்கள் சாத்தியிருக்கும். இரவில் திரும்பியதும் சில வீடுகளில் ஏசி ஓடும். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டிக்கு ஒரு காற்று, உள்ளறைத் தொட்டிக்கு வேறு காற்று. எனவே வானிலைச் செயலி காட்டும் ஈரப்பதம் உங்கள் தொட்டியின் ஈரப்பதம் ஆகாது. இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது; ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

ஹைக்ரோமீட்டர் காட்டும் சதவீதம் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதைச் சொல்கிறது. காற்று சூடாக ஆக அது தாங்கும் அளவு கூடுகிறது. நீராவி அதே அளவில் இருந்தாலும் சதவீதம் இறங்குகிறது. ஜூன் மாதக் காலையில் வெளியே 21 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று 27 டிகிரி அறைக்குள் வந்தால் 59 சதவீதம். உங்கள் தொட்டியின் சூடான பக்கத்தில் 32 டிகிரியை எட்டினால் 44 சதவீதம்தான். ஒரு துளி நீரைக்கூட யாரும் எடுக்கவில்லை. தொட்டியின் சூட்டுப்பக்கம் சரியாக இருந்தால் பெங்களூரு மழைக்காலத்தைப் பெருமளவு அதுவே சமாளித்துவிடும். சிலிகா ஜெல் தேவையே இல்லை. அந்த உருண்டைகளை கெக்கோ விழுங்கிவிடக்கூடிய ஆபத்தும் இருக்கிறது.

இதே கணக்கு ஏசி அறையில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஏசி காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. 24 டிகிரியில் 45 சதவீதம் என்பது நமக்குச் சுகமான காற்று. அது சூட்டுப்பக்கத்தில் 28 சதவீதமாகிவிடும். கோடையில் இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறையில் தொட்டி இருந்தால் கால்விரல்களில் தோல் ஒட்டிக்கொள்வதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். தொட்டியை ஹாலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாதென்றால் ஏசி காற்று நேரடியாக விழாத சுவரோரமாகவாவது நகர்த்துங்கள்.

அளப்பது

முள் சுற்றும் வட்டமான மலிவு மீட்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. கம்பியில் சென்சார் நீளும் டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். சென்சாரைக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒட்டினால் கெக்கோ ஒருபோதும் போகாத உயரத்தின் காற்றை அளந்துகொண்டிருப்பீர்கள். குளிர்ந்த பக்கத்தில், தரையிலிருந்து இரண்டு மூன்று விரல் உயரத்தில், தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து தள்ளி வையுங்கள். அங்கே 30 முதல் 50 வரை இருந்தால் கவலை வேண்டாம். மழை நாட்களில் சில மணி நேரம் 60-ஐத் தொட்டு இறங்குவதும் பிரச்சினை இல்லை. நாள் கணக்கில் 60-க்கு மேலேயே நிற்பதுதான் கவனிக்க வேண்டியது.

மீட்டர் உண்மை சொல்கிறதா என்று சமையலறையிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் நசநசவென்று நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து மூடி, இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று சாதாரண அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில் நிலைகொள்ளும். காலையில் மீட்டர் 68 காட்டினால் அது 7 குறைத்துக் காட்டுகிறது. அந்த வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்தால் போதும்.

ஈர டப்பா

வளைக்குள் இருக்கும் ஈரத்தைத் தொட்டிக்குள் தருவது இதுதான். கடையில் பிசினால் செய்த பாறை வடிவக் குகைகள் நல்ல விலைக்கு விற்கின்றன. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா அதே வேலையை அதைவிடச் சிறப்பாகச் செய்யும். மூடி இருப்பதால் திறந்து கழுவலாம். மங்கலான வெள்ளை அல்லது அடர் நிற டப்பாவைத் தேர்ந்தெடுங்கள், உள்ளே இருட்டு வேண்டும். கெக்கோ உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் படுக்க இடம் இருந்தால் அளவு சரி. பக்கவாட்டில், தரையிலிருந்து ஒரு அங்குலம் மேலே, அதன் உடம்பின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக ஒரு துளை வெட்டுங்கள். துளை பெரிதானால் ஈரம் ஓடிவிடும். வெட்டிய விளிம்பை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி மழுங்கடிக்க மறக்காதீர்கள்; தோல் உரிக்கும் நேரத்தில் அதன் வயிறு அந்த விளிம்பில்தான் உரசும்.

உள்ளே நிரப்ப ஸ்பேக்னம் பாசி சிறந்தது. ஆர்க்கிட் செடிகளுக்காக நர்சரிகளில் விற்பார்கள். கோகோபீட்டும் நல்லதுதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. தேங்காய் நார்க் கழிவில் இயல்பாகவே உப்பு தங்கியிருக்கும், உப்புநீரில் ஊறிய நாரில் இன்னும் கூடுதலாக. செடிக்கான சில கட்டிகளில் உரமும் கலந்திருக்கும். கழுவி உப்பு நீக்கியது என்று குறிப்பிட்ட, உரம் சேர்க்காத கட்டியை வாங்கி, வீட்டிலும் இரண்டு முறை அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். குட்டிகளுக்கு இரண்டுமே வேண்டாம். இரையோடு சேர்த்து நாரை விழுங்கக்கூடும்; மடித்த டிஷ்யூ பேப்பர் போதும், அழுக்கானதும் மாற்றிவிடலாம்.

எவ்வளவு நனைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பாசியைத் தண்ணீரில் முக்கி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து, பிறகு உதிர்த்துப் போடுங்கள். இட்லித் தட்டில் விரிக்கும் துணியின் பதம் வேண்டும்: தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், அழுத்தினால் சொட்டக் கூடாது. இந்தப் பதத்தில் டப்பாவுக்குள் 70 முதல் 80 சதவீதம் தானாக நிற்கும். டப்பாவின் அடியில் தண்ணீர் தேங்கினால் அது ஆபத்து. ஈரத்தில் வயிறு பதிந்து கிடக்கும் கெக்கோவுக்கு வயிற்றுத் தோலில் சிவப்பும் புண்ணும் வரும்.

எங்கே வைப்பது? சூட்டுப்பக்கத்தின் நடுவில் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும். குளிர்ந்த ஓரத்தில் வைத்தால் ஈரமும் குளிரும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூருவின் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது அது நல்லதல்ல. ஹீட் மேட்டின் விளிம்பில், டப்பாவின் பாதி சூட்டுக்கு மேலும் மீதி வெளியிலும் இருக்கும்படி வையுங்கள். அடியிலிருந்து வரும் இதமான சூடு ஈரத்தை மெல்ல ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இந்த ஏற்பாட்டை முயல வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. இங்குள்ள குடியிருப்புகள் பலவும் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருப்பவை. அந்தக் கடினநீர் பாசியில் ஆவியாக ஆக உப்புகள் பின்தங்கி வெள்ளைப் பொடியாகப் படியும். டப்பாவை நனைக்க ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு டம்ளர் போதும் என்பதால், 2024 கோடையில் பெங்களூரு கண்டது போன்ற தண்ணீர்ப் பஞ்சத்திலும் இது பெரிய செலவில்லை.

வாரம் ஒருமுறை டப்பாவை வெந்நீரில் கழுவி, பாசியைப் புதிதாக நனையுங்கள். மாதம் ஒருமுறை பாசியையே மாற்றுங்கள். இடையில் மூடியைத் திறக்கும்போது மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் சரி. புளித்த வாடை வந்தால், வெள்ளை நூல் போல் ஏதாவது படர்ந்திருந்தால், அப்போதே தூக்கிக் கொட்டுங்கள். சில கெக்கோக்கள் ஈர டப்பாவையே கழிப்பறையாக்கிக்கொள்ளும். அவற்றுக்கு டிஷ்யூதான் சரிப்படும்.

மழையும் வெயிலும்

கோடையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. 2016 ஏப்ரலில் பெங்களூரு 39.2 டிகிரி வரை கண்டது. அத்தகைய நாட்களில் சூட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஈர டப்பாவை இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சற்று அகலமானதாக மாற்றுங்கள். தொட்டி முழுக்க ஸ்பிரே அடிக்க வேண்டியதில்லை. தெளித்த நீர் அரை மணியில் காய்ந்து, கண்ணாடியில் கறையைத்தான் விட்டுச் செல்லும். புகை போல் நீராவி கக்கும் ஃபாகர் கருவிகள் மழைக்காட்டு உயிர்களுக்கானவை. அவற்றை இந்தப் பல்லியின் தொட்டியில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஜூன் முதல் அக்டோபர் வரைதான் கவனம் கூட வேண்டும். மீன் தொட்டியைக் கெக்கோவுக்கு மாற்றியவர்களுக்கு இது சோதனைக் காலம். நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே மட்டும் திறப்பு என்றால் காற்று ஓடாமல் ஈரம் உள்ளேயே தேங்கும். மேல் மூடி முழுக்கக் கம்பி வலையாக இருக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் தொட்டியில் கீழே ஒரு காற்றுத் துளை வரிசையும் மேலே வலையும் இருந்தால் காற்று தானாக ஓடும். இந்த மாதங்களில் தரையில் கோகோபீட் பரப்பியிருந்தால் எடுத்துவிட்டு, சொரசொரப்பான தரை டைல் போடுங்கள். டைல் ஈரத்தைக் குடிக்காது, சூட்டையும் நன்றாகக் கடத்தும். குளிர்ந்த பக்கத்திலும் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே போகாமல் பாருங்கள். ஈரம் மட்டும் கூடினால் கெக்கோ ஓரளவு தாங்கும். ஈரத்தோடு குளிரும் சேரும்போதுதான் நுரையீரல் நோய் வருகிறது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கோரத்தில் சளிக் குமிழ், மூச்சில் கிறீச் என்ற ஒலி, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். மழை நாளில் மின்சாரம் நீண்ட நேரம் போகும் கட்டடம் என்றால், தொட்டியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்துங்கள். மின்சாரம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

தோல் உரியும் நாட்கள்

வளர்ந்த கெக்கோ ஏறக்குறைய மாதம் ஒருமுறை தோல் உரிக்கும். குட்டிகள் அதைவிட அடிக்கடி. நிறம் மங்கி, உடம்பு முழுக்கச் சாம்பல் பூசியது போல் வெளுத்தால் ஓரிரு நாளில் உரியப்போகிறது என்று பொருள். அப்போது டப்பாவைப் புதிதாக நனைத்து வையுங்கள். இரை போட வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். உரித்த தோலை அதுவே தின்றுவிடும். அதனால் தொட்டியில் சட்டையைத் தேடி, காணவில்லை என்று குழம்பாதீர்கள்.

உரித்த மறுநாள் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டையான விரல்கள். இதற்கோ மெல்லிய, நகம் உள்ள விரல்கள். அந்த மெல்லிய விரலைச் சுற்றிக் காய்ந்த தோல் வளையமாக நின்றுவிட்டால், அடுத்த முறை உரியும்போது அதன் மேல் இன்னொரு வளையம் சேரும். இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். விரல் இழந்த கெக்கோக்களை நிறையப் பார்க்க முடிகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் தொட்டியில் ஈர டப்பா இருந்திருக்காது, அல்லது காய்ந்துபோன டப்பா ஒன்று பெயருக்கு இருந்திருக்கும். பதினைந்து இருபது ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிர், ஒரு கைப்பிடி ஈரப் பாசி இல்லாததால் விரல்களை இழக்க வேண்டியதில்லை.

தோல் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். காற்றுத் துளையிட்ட ஒரு டப்பாவில் வெதுவெதுப்பான, ஏறத்தாழ 30 டிகிரித் தண்ணீரில் நனைத்த டிஷ்யூவை விரித்து, கெக்கோவை அதில் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். பிறகு நனைத்த காட்டன் பட்டால் விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக உருட்டினால் ஊறிய தோல் கழன்று வரும். வராவிட்டால் மறுநாள் பார்க்கலாம், அன்றே பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இந்தப் பல்லிக்கு இமை உண்டு. இமைக்கடியில் தோல் தங்கி, கண் திறக்காமல் இருந்தால் அதை நீங்கள் தொடவே கூடாது. ஈரம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பத் தோல் ஒட்டுகிறது என்றால் உணவில் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், உடலில் வேறு நோய் இருக்கலாம். அதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி ஹெப்பாளத்தில், நகரின் மறுகோடியில் இருக்கிறது. கெக்கோ நலமாக இருக்கும்போதே விசாரித்து, ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரின் எண்ணைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் வழியாக ஊர் போகிறவர்கள் கெக்கோவையும் கூட்டிப்போக ஆசைப்படுவார்கள். சென்னை, கடலூர் போன்ற கடற்கரை ஊர் என்றால் நன்றாக யோசியுங்கள். அங்கே அறை வெப்பமே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், சூட்டுப்பக்கம் 32 டிகிரிக்குப் போனாலும் 67 சதவீதத்துக்குக் கீழே வராது. பெங்களூருவில் நமக்கு உதவிய கணக்கு அங்கே கைகொடுக்காது. சென்னையிலேயே வளர்ப்பவர்களுக்கு அகலமான காற்றோட்டமும், டைல் தரையும், அன்றாடம் சில மணி நேரம் ஏசி ஓடும் அறையும் வேண்டும்.

நான்கைந்து நாள் பயணம் என்றால், கொழுத்த வாலுள்ள நலமான பெரிய கெக்கோவை ஃபிளாட்டிலேயே விட்டுப்போவது நல்லது. வாலில் சேர்த்த கொழுப்பில் அத்தனை நாள் இரையின்றி இருக்கும். தண்ணீரும் ஈரமும்தான் தீரக் கூடாது. கிளம்பும் நாளில் பாசியைப் புதிதாக நனைத்து, கவிழாத கனமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். தின்னாத சிள்வண்டு ஒன்றையும் தொட்டிக்குள் விட்டுப் போகாதீர்கள், இரவில் அவை கெக்கோவையே கடிக்கும். சாவி வாங்கிக்கொள்ளும் நண்பரோ பக்கத்து வீட்டு அக்காவோ இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து மூன்றைப் பார்த்தால் போதும்: கிண்ணத்தில் தண்ணீர், டப்பா மூடியின் உட்பக்கத்தில் ஈரம், தெர்மோஸ்டாட்டின் விளக்கு. குட்டியாக இருந்தால் இந்த ஏற்பாடு போதாது. தினமும் வந்து இரை போட்டு டிஷ்யூவை நனைக்க ஒருவர் கிடைக்கும் வரை பயணத்தைத் தள்ளிவையுங்கள்.